நான் யாருக்கு வேலை பார்க்கிறேன்? – ஒரு பழைய சட்டப் புத்தகத்தின் கதை

சீத்தா கேம்ப்பில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். நான் வங்கியில் இருப்பதால் பி.எஃப். பேப்பர், இன்சூரன்ஸ் பேப்பர் என்று கேம்ப்பில் எது வந்தாலும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இருந்த காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி திடீரென்று கேட்டார்.

"தம்பி, பதினெட்டு வருசமா ஒரே கேட்டுக்குள்ளதான் போறேன், வாரேன். அதே மிஷினு, அதே தொடப்பம். காண்ட்ராக்டர் பேரு மட்டும் அஞ்சு தடவ மாறிட்டு. அப்ப நான் யாருக்குத்தான் வேல பாக்கேன்?"

எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். நான் சிரித்து மழுப்பிவிட்டு டீயைக் குடித்தேன். பி.காமில் தொழிற்சட்டம் ஒரு பாடம், அதில் நல்ல மார்க்கும் வாங்கியவன் நான். ஆனால் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போன கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீத்தா கேம்ப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அணுசக்தித் துறைக்கு அந்த நிலம் வேண்டும் என்று சொல்லி, 1976 மே மாதம், எமர்ஜென்சி காலத்தில், சுமார் 70,000 பேரை அங்கிருந்து கிளப்பி டிராம்பே ஓரத்துச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அப்படி உருவானதுதான் இந்த கேம்ப். அந்த வெளியேற்றத்தை எதிர்த்து நின்ற ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயல் தமிழர். 2000-ல் மகசேசே விருது வாங்கினார், 2018-ல் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மறு வாரம் மாட்டுங்கா போயிருந்தேன். கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடைகள் மும்பைத் தமிழர்களுக்குத் தெரிந்த இடம். என்ஜினியரிங் புத்தகக் குவியலுக்கு அடியில் செங்கல் கனத்தில் ஒன்று கிடந்தது. ஓ.பி. மல்ஹோத்ரா எழுதிய 'தி லா ஆஃப் இண்டஸ்ட்ரியல் டிஸ்ப்யூட்ஸ்'. பம்பாயின் பழைய சட்டப் பதிப்பாளரான என்.எம். திரிபாதி வெளியிட்ட பதிப்பு. தொழிற்தகராறுச் சட்டத்துக்கு வக்கீல்கள் கையில் எப்போதும் இருந்த புத்தகம் இது. கடைக்காரர் எடைக்குப் போடுகிற விலைதான் சொன்னார். பழைய பதிப்பு சார், வக்கீல் யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். உண்மைதான். சட்டம் மாறிவிட்டால் சட்டப் புத்தகம் செத்துப்போகும். ஆனால் சட்டமாகச் செத்த புத்தகம் சரித்திரமாக உயிரோடு இருக்கும் என்பது வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் புரிந்தது.

இந்த மாதிரிப் புத்தகத்தில் மேலே நான்கு வரி இருந்தால் கீழே அடிக்குறிப்பு முக்கால் பக்கம் இருக்கும். எங்கள் தணிக்கைக்காரர்கள் வவுச்சர் நம்பர் கேட்பதுபோல, சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தீர்ப்பின் நம்பர் தர வேண்டும். அதில் திரும்பத் திரும்ப வருவது மூன்றெழுத்து: எல்.எல்.ஜே. அதாவது 'லேபர் லா ஜர்னல்'.

இந்த எல்.எல்.ஜே.யைத் தொடங்கியவர் யார் தெரியுமா? நம்ம ஆர். வெங்கட்ராமன். ஆமாம், 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்த அதே ஆர்.வி.தான். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் 1910-ல் பிறந்தவர். 1935-ல் மதராஸ் ஹைகோர்ட்டில் வக்கீலானார், 1942 போராட்டத்தில் இரண்டு வருடம் சிறையில் இருந்தார். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே தொழிலாளர், பத்திரிகையாளர் என்று பல சங்கங்களை அமைத்து நடத்தியவர். 1949-ல் இந்த ஜர்னலைத் தொடங்கினார். வெங்கட்ராமன் என்றதும் டிவியில் பார்த்த கருப்பு ஷெர்வானிதான் எனக்கு ஞாபகம் வரும். இந்தக் கதை தெரியாது.

ஏன் 1949? 1947-ல் தொழிற்தகராறுச் சட்டம், 1948-ல் தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் என்று வரிசையாக வந்துவிட்டன. ஊருக்கு ஊர் தீர்ப்பாயங்கள் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் கோயம்புத்தூர் மில் வழக்கில் என்ன சொன்னார்கள் என்பது பம்பாய் மில்காரனுக்குத் தெரிய வழி வேண்டுமே? அதற்கு முன் இருந்தது பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம் 1921-லிருந்து வெளியிட்ட 'லேபர் கெஜட்'. கூலி, விலைவாசி, வேலைநிறுத்தக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது அரசாங்கம் தொழிலாளியைப் பார்த்து எழுதிய குறிப்பு. தொழிலாளி பக்கத்து வக்கீல் கோர்ட்டில் தூக்கிக் காட்ட வேண்டியது தீர்ப்புத் தொகுப்பு.

ஒரு உதாரணம் சொன்னால் இதன் பலம் புரியும். 1924-ல் பம்பாய் மில் தொழிலாளர்கள் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை நீதிபதி மெக்லியாட் தலைமையில் கமிட்டி போட்டார்கள். போனஸ் கேட்கச் சட்டப்படி உரிமை இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. 1950-ல் அதே பம்பாய் மில்கள் வழக்கில், தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு கணக்கு போட்டது. மொத்த லாபத்தில் தேய்மானம், வருமான வரி, மெஷின்களைப் புதுப்பிக்க ஒதுக்கீடு, செலுத்திய மூலதனத்துக்கு 6 சதவீதம், நடைமுறை மூலதனத்துக்கு அதைவிடக் குறைவாக ஒரு வருமானம், எல்லாம் கழித்து மிச்சம் இருந்தால் அதில் தொழிலாளிக்கும் பங்கு. பி.காம். மாணவன் போடக்கூடிய கணக்குதான்! அந்தத் தீர்ப்பு அச்சாகி ஊர் ஊராகப் போனதால் 1965 போனஸ் சட்டம் வரும்வரை நாடு முழுக்க அதுதான் வாய்ப்பாடு. கையில் தீர்ப்பின் நம்பர் இருந்தால் தாராளமாகப் பேரம் பேசலாம்.

எங்கள் வங்கித் தொழிலுக்கும் இப்படி ஒரு வேதம் உண்டு, சாஸ்திரி அவார்டு. மதராஸ் ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையில் 1953-ல் வந்தது. அடுத்து 1962-ல் தேசாய் அவார்டு. பழைய தலைமுறை வங்கிக் குமாஸ்தாக்கள் மேனேஜரிடம் சண்டை போடும்போது பாரா நம்பர் சொல்லித்தான் சண்டை போடுவார்கள். அண்ணாச்சிக்குச் சொல்ல ஒரு பாரா நம்பரும் கிடையாது. அதுதான் வித்தியாசம்.

இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது! அதுவும் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

மல்ஹோத்ராவில் காண்ட்ராக்ட் தொழிலாளர் பகுதியில் ஒரு அடிக்குறிப்பு: 1960, இரண்டாம் தொகுதி, எல்.எல்.ஜே. 233. ஸ்டாண்டர்ட் வாக்யூம் ரிஃபைனிங் கம்பெனி எதிர் அதன் தொழிலாளர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஸ்டான்வாக் என்று பெயர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1954-ல் டிராம்பேயில் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அது. பிறகு எஸ்ஸோ ஆகி, 1974-ல் அரசுடைமையாகி இன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம். சீத்தா கேம்ப்பிலிருந்து சில கிலோமீட்டர்தான். செம்பூரில் வசிப்பவர்கள் மாஹுல் காற்றை மோந்தவர்கள்தானே!

வழக்கு என்ன? ஆலையின் இயந்திரங்களையும் கட்டடங்களையும் சுத்தப்படுத்திப் பராமரிக்கிற வேலையை கம்பெனி ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கூலி குறைவு. பி.எஃப்., கிராஜுவிட்டி, போனஸ், சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவ வசதி என்று கம்பெனித் தொழிலாளிக்கு இருந்தது எதுவும் கிடையாது. நாளைக்கு வேலை இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

இதை எதிர்த்து வழக்கைக் கிளப்பியது யார் என்பதுதான் விசேஷம். காண்ட்ராக்ட் ஆட்கள் இல்லை, கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளர்கள். "உங்களுக்கு வேலை பத்திரமாக இருக்கிறது, வேறொருவர் ஆட்களைப் பற்றிப் பேச நீங்கள் யார்?" என்பது கம்பெனியின் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே ஆலையில் வேலை செய்கிறவர்கள், இவர்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான நலன் இருக்கிறது, ஆகவே இது தொழிற்தகராறுதான் என்றது.

அடுத்து கோர்ட் பார்த்தது வேலையின் தன்மையை. அந்தச் சுத்தப்படுத்தும் வேலை உற்பத்திக்குத் தேவையானதா? ஆமாம். தினமும் நடக்க வேண்டியதா? ஆமாம். முழுநேர ஆட்கள் போட்டுச் செய்கிற அளவுக்கு இருக்கிறதா? ஆமாம். இதுபோன்ற மற்ற இடங்களில் சொந்த ஆட்களை வைத்துச் செய்கிறார்களா? ஆமாம். அப்படியானால் காண்ட்ராக்ட் முறை வேண்டாம், கம்பெனியே ஆள் வைத்துச் செய்யட்டும் என்ற தீர்ப்பாயத்தின் உத்தரவு சரி என்று முடித்தார்கள். அண்ணாச்சியின் கேள்விக்கு 1960-லேயே பதில்!

இந்த நான்கு கேள்விகளும் அப்படியே 1970-ல் வந்த காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்தின் 10-ஆவது பிரிவில் ஏறின. டிராம்பே ஆலையில் துடைப்பம் பிடித்த சில பேருக்காக எழுந்த வழக்கு இந்தியா முழுமைக்கும் சட்டமானது. பெருமையாக இருந்தது. ஆனால் கணக்குப் பிள்ளை புத்தி, அடுத்த பக்கத்தையும் புரட்டினேன்.

சட்டம் கேள்விகளைக் கோர்ட் கையிலிருந்து எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டது. எந்த வேலையில் காண்ட்ராக்ட் கூடாது என்று அரசுதான் அறிவிக்க வேண்டும். 1976 டிசம்பர் 9-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: தன் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைக் கூட்டுவது, துடைப்பது, தூசி தட்டுவது, காவல் காப்பது ஆகியவற்றில் காண்ட்ராக்ட் தடை. கவனியுங்கள், மே மாதம் ஜனதா காலனியைக் காலி செய்த அதே 1976. ஒரு கையால் வீட்டைப் பிடுங்கிய அரசு மறுகையால் கூட்டுகிறவருக்கு ஒரு காகிதம் கொடுத்தது.

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் 1996 டிசம்பரில் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், காண்ட்ராக்ட் தடை செய்யப்பட்டால் அந்த ஆட்கள் தானாகவே கம்பெனித் தொழிலாளி ஆகிவிடுவார்கள் என்றது. அதுவும் பம்பாயிலிருந்து போன வழக்குதான். சந்தோஷம் ஐந்து வருடம்கூட நீடிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தானாகச் சேர்வது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றார்கள், 1976 அறிவிப்பும் ரத்தானது. ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தார்கள். காண்ட்ராக்ட் என்பது வெறும் முகமூடி, உண்மையில் வேலை வாங்குவது கம்பெனிதான் என்று தொழிலாளி நிரூபித்தால் அவர் கம்பெனியின் ஆள்.

நிரூபிக்க வேண்டும்! யார் ஆள் எடுத்தது, யார் மேற்பார்வை, யார் லீவு கொடுத்தது, யார் சம்பளம் போட்டது... எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும்.

கடைசி அத்தியாயம் சமீபத்தியது. 29 பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கினார்கள். 2019-லும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தவை. 1970 சட்டமும் அந்த 29-ல் ஒன்று. முன்பு 20 பேர் என்றிருந்தது இப்போது 50 காண்ட்ராக்ட் ஆட்கள் இருந்தால்தான் அந்த அத்தியாயம் பொருந்தும். மையமான வேலையில் காண்ட்ராக்ட் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது, அதற்கும் சில விலக்குகளோடு. ஆனால் எது மைய வேலை அல்ல என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலுக்காகவே தொடங்கிய நிறுவனமாக இல்லாவிட்டால், கூட்டுவதும் சுத்தப்படுத்துவதும் மைய வேலை இல்லை. பட்டியலின் முதல் வரியே அதுதான்.

1960-ல் டிராம்பேயில் 'இது தேவையான, தினசரி வேலை' என்று ஜெயித்தது எந்தத் துடைப்பமோ, அந்தத் துடைப்பம் அறுபது வருடம் கழித்துப் பட்டியலுக்கு வெளியே போய்விட்டது. மல்ஹோத்ராவின் பழைய பதிப்பு இல்லாவிட்டால் உள்ளே இருந்தது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. புதுப் பதிப்பில் இன்றைய நிலை மட்டும் இருக்கும். நாம் எங்கிருந்து வந்தோம் என்பது பழைய பதிப்பில்தான் இருக்கிறது.

இதில் என் பங்கும் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு கிளையில் இருந்தபோது, அங்கே கூட்டிப் பெருக்க வந்த அம்மா காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். மாதா மாதம் காண்ட்ராக்டரின் பில் வரும். பின்னாலேயே சம்பளப் பட்டியல், அதில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். நான் கையெழுத்துப் போடுவேன், பில் பாஸாகும். அந்த ஸ்டாம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததே இல்லை. இப்போது 1970 சட்டத்தின் 21-ஆவது பிரிவைப் படித்தபோதுதான் தெரிகிறது. காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கும்போது கம்பெனியின் பிரதிநிதி நேரில் நின்று பார்த்து, சரியாகக் கொடுத்தார் என்று சான்று தர வேண்டும். அந்தப் பிரதிநிதி நான்தான். நான் ஒரு நாளும் பார்த்தது இல்லை. பட்டியலில் போட்ட தொகை அந்த அம்மாவின் கைக்குப் போனதா என்று கேட்டதும் இல்லை. கொடுக்காவிட்டால் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அதிகாரி என்பதால் நான் சட்டப்படி 'தொழிலாளி' இல்லை. அண்ணாச்சி கேட்ட 'யாருக்கு' என்பதற்கு எங்கள் கிளையைப் பொறுத்தவரை பதில் நான்தான் என்பது இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை.

மறுபடி சீத்தா கேம்ப் போனேன். அண்ணாச்சியிடம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பதினெட்டு வருடம், ஐந்து தடவை மாறி மொத்தம் ஆறு காண்ட்ராக்டர். சராசரி மூன்று வருடம். கிராஜுவிட்டிக்குத் தொடர்ச்சியாக ஐந்து வருடம் வேண்டும். ஒவ்வொரு தடவை பெயர் மாறும்போதும் அண்ணாச்சி புது ஆள் ஆகிவிடுகிறார்.

"அப்ப நான் பொறந்து பொறந்து செத்திருக்கேன்னு சொல்லுதீய" என்று சிரித்தார்.

பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையை முழுக்கக் கொட்டினோம். நான்கு கேட் பாஸ், எல்லாவற்றிலும் காண்ட்ராக்டர் பெயர் வேறு, கையெழுத்துப் போட்டது கம்பெனி ஆபீஸ். ஒரு பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், கம்பெனி முத்திரையோடு. பி.எஃப்.பில் யு.ஏ.என். நம்பர் 2014-ல் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு கணக்குகள் சேராமலே கிடக்கின்றன. அவற்றைச் சேர்க்க மனு எழுதினோம். அது என் கைக்குள் இருக்கிற வேலை. மற்றதை ஒரு தொழிற்சங்க வக்கீலிடம் காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். முகமூடியா இல்லையா என்பதை முடிவு செய்யப்போவது அந்தக் காகிதங்கள்தான். ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார், "அந்த 1960 கேஸ்ல பெர்மனன்ட் ஆளுங்கதான் நமக்காகப் போனாவளா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இப்ப அப்படி யாரு போவா?" என்றார்.

அதற்கு மல்ஹோத்ராவில் அடிக்குறிப்பு இல்லை.

ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிற நம்மவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். மும்பையோ துபாயோ சிங்கப்பூரோ, சட்டம் வேறு வேறு. ஆனால் கேட் பாஸ், சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இந்தியாவில் புதிய சட்டப்படி நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம், கேட்டு வாங்குங்கள். என்னைப்போல அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களாக இருந்தால், அடுத்த மாதம் ஸ்டாம்பைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

டிராம்பே, மாஹுல் ஆலைகளில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த அப்பா, தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் அந்த 1960 வழக்கைப் பற்றிக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும்.